வெட்டுகிறவன் பங்கு

காலை பத்தரை மணிக்கே வீடு திரும்பிய ஞானஜோதியைப் பார்த்ததும் கத்தி தீட்டிக்கொண்டிருந்த சிலுவைராஜின் கை நின்றுவிட்டது. அந்நேரம் அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் அரிசி களைந்து உலையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் பகல் வேளையில் எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பியதில்லை.

"என்ன, பள்ளிக்கூடம் லீவா?"

"பள்ளிக்கூடத்துக்கு இல்ல. எனக்குத்தான் லீவு."

பைக்குள்ளிருந்து சமையலுக்குக் கட்டும் நீல ஏப்ரனையும் தலைத் தொப்பியையும் எடுத்து அவள் கொடிக்கயிற்றில் போட்டாள். பிறகு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதத் துவைக்கணுமா, வேண்டாமான்னு தெரியல" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "ஜோதி, ரெண்டு மூணு நாள் வீட்ல இருங்க. பேரன்ட்ஸ் குரூப்ல ஒரு படம் சுத்துது. எல்லாம் சரியாகட்டும்" என்றார். டீச்சர் நல்லவர். சொல்லும்போது அவர் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் வேறொரு பெண் முறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரியாகும்வரை காத்திருக்கப்போகிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாற்றாளை உட்கார வைப்பார்களா என்று நினைத்தபடிதான் ஜோதி மேடேறி வந்திருந்தாள்.

அவள் போனை நீட்டினாள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மேலே மலையாளம், கீழே தமிழ். குருசடிமேடு வார்டில் அறுத்த பன்றிகளின் ரத்தத்தைச் சோதித்ததில், முப்பத்திரண்டில் பதினொன்றில் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதாம். கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பொதுமக்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். கடைசி வரி: பன்றி உரிமையாளர், சூ. சிலுவைராஜ், கீழ லயம்.

சிலுவைராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இனிஷியல் சரியாத்தான் போட்டுருக்காக."

ஜோதிக்கு அந்த நிமிஷத்தில் அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏங்க, நம்ம வீட்டுல எத்தன பன்னி நிக்குது? எண்ணிச் சொல்லுங்க பாப்போம்."

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து வீடு. முன்னால் குழாயடி, பின்னால் ஏலச்செடி. கோழி வளர்த்தால்கூட எஸ்டேட் சூபர்வைசர் வந்து சத்தம் போடுவார். சொந்தமாக ஒரு பன்றிக்குட்டிகூட இல்லாத மனுஷன் ரேஷன் கடைச் சுவரில் முப்பத்திரண்டு பன்றிக்கு உரிமையாளனாகியிருந்தான்.

இந்த உரிமை அவனுக்கு வந்த கதை ஜூன் மாதத்து மழையில் ஆரம்பிக்கிறது.

குருசடிமேட்டில் பன்றி வளர்க்கிறவர்கள் வேறு, வெட்டுகிறவர்கள் வேறு. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் தோட்டத்து மூலையில் தொழுவம் கட்டிப் பன்றி வளர்க்கிறார்கள். வெட்டுவது கீழ லயத்துக்காரன். சிலுவைராஜின் தாத்தா வெட்டினார், அப்பா வெட்டினார், இப்போது அவன் வெட்டுகிறான். எல்லோரும் ஒரே கோயிலில் ஒரே பீடத்தைப் பார்த்து முழங்கால் போடுகிறவர்கள்தான். ஆனால் தோட்டக்காரர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள், ரத்தத்தைத் தொடவேமாட்டார்கள். கறி அவர்களுக்கு. ரத்தமும் குடலும் வெட்டுகிறவன் பங்கு. கழுத்தில் கத்தி இறங்கியதும் அலுமினியக் குண்டானை அடியில் பிடித்து, ரத்தம் உறையாமல் கல்லுப்பு போட்டுக் கையால் துழாவுவது வெட்டுகிறவன் வீட்டுப் பெண்ணின் வேலை. சனிக்கிழமைகளில் ஜோதிதான் குண்டான் பிடிப்பாள். அந்தக் குண்டானை வேறு யாரும் தொட்டதில்லை. அது இருக்கிற இடத்தைக்கூடத் தாண்டமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள்.

ஜூனில் மிருக வைத்தியக் கல்லூரியிலிருந்து ரிஞ்சு என்கிற டாக்டர் வந்தாள். சின்ன வயசு. ரெயின்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தாள். உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ட்யூபில் ரத்தம் பிடித்துத் தரவேண்டும் என்றாள். எதற்கு என்று ஜோதி கேட்டபோது அவள் சொன்ன விளக்கம் ஜோதிக்குப் பிடித்துப்போயிற்று.

"ஒரு விருந்தாளி வீட்டுக்கு வந்துட்டுப் போயாச்சு சேச்சி. ஆளைக் காணோம். ஆனா அவன் குடிச்ச கிளாஸ் மேசைமேலே உண்டு. அந்தக் கிளாஸைத்தான் நாங்க பன்னியோட ரத்தத்துல தேடறோம். கொசு கடிச்சு எப்பவோ வைரஸ் வந்துபோயிருந்தா தெரியும். எங்கே கொசு அதிகம்னு புரியும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலே தடுக்கலாம்."

"கறி திங்கலாமா டாக்டர்?"

"தின்னலாம். நல்லா வேகவெச்சுத் தின்னுங்க. கறியால வராது, தொட்டா வராது. கொசுவாலதான் வரும்."

எல்லாம் சரி. ஃபாரத்தில் ஓனர் பேர் எழுத ஓர் இடம் இருந்தது. அங்கேதான் வேதமுத்து முதலாளி யோசித்தார்.

ஊரிலேயே பெரிய தொழுவம் வேதமுத்துவுடையது. குமுளி ஓட்டல்களுக்கு வாரம் தவறாமல் கறி அனுப்புகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பன்றிக்காய்ச்சல் வந்தபோது, பக்கத்து ஊரில் அதிகாரிகள் ஒரு தொழுவத்தையே கொன்று குழியில் தள்ளியதைப் பார்த்தவர். அது வேறு காய்ச்சல், இது வேறு என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு கீழ லயத்துக்கே வந்துவிட்டார். முதலாளி லயத்துக்கு வருவது சாதாரண விஷயமல்ல. ஜோதி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை, இறவாரத்தில் நின்றபடியே பேசினார்.

"ஏப்பா சிலுவை, அந்தப் புள்ள நாளைக்கு பேரு கேப்பா. ஒம்பேரச் சொல்லிரு."

"பன்னி உங்களுதுல்ல முதலாளி?"

"பன்னி என்னுது. அவ கேக்கது ரத்தம். ரத்தம் யாரு பங்கு? தலைமொறையா உங்க பங்குதான? நீ சொல்லுததுல என்ன பொய் இருக்கு?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எம்பேரு வெளிய வந்தா குமுளிக்காரன் ஒருத்தனும் எங்கிட்ட கறி எடுக்க மாட்டான். ஒம்பேருன்னா யாரு பாக்கப்போறா?"

அதைக் கேட்டபோது சிலுவைராஜுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதலாளி வீடு தேடி வந்து ஓர் உதவி கேட்கிறார். அதுவும் அவன் பெயர்தான் வேண்டும் என்கிறார். மறுநாள் டாக்டரிடம் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அப்பா சூசையின் இனிஷியலையும் போடச் சொன்னான். மற்ற தோட்டக்காரர்களும் விஷயம் தெரிந்து அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் முப்பத்திரண்டு ட்யூபிலும் அவன் பெயர் ஏறிவிட்டது.

ஜோதியும் அன்றைக்கு மறுத்துப் பேசவில்லை. அதுதான் இப்போது அவளுக்கு நெஞ்சை அறுத்தது. வேதமுத்து அவர்களுக்கு வெறும் முதலாளி மட்டுமல்ல. மகள் மௌனிகாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுன் எடுத்துக்கொடுத்தார். விருந்துக்கு மட்டும் உட்காரவில்லை, சுகர் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்து பி.டி.ஏ. தலைவரும் அவர்தான். சமையல் வேலைக்கு ஆள் தேடியபோது, "நம்ம ஜோதி இருக்காளே" என்று சொன்னவரும் அவர்தான். லயத்துக்காரி சமைக்கிற சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்னாது என்று அப்போதே நான்கைந்து பேர் முனகினார்கள். அதை அவர் ஒரு அதட்டலில் அடக்கினார். நூற்றுப்பத்துப் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நின்று, "ஜோதியம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தினம் பொழுது விடிகிறதென்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். லயத்தில் பிறந்த அவளிடம் ஊரார் கைநீட்டிச் சோறு வாங்குகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்தது.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றான் சிலுவைராஜ். "அவுகளுக்குத் தெரியாம நடந்துருக்கும். தெரிஞ்சா விடுவாகளா?"

ஜோதியும் அப்படித்தான் நம்பினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

முதலாளி வீட்டுக்கு லயத்துக்காரர்கள் பின்பக்கமாகத்தான் போவார்கள். முன்னால் டைல்ஸ் போட்ட பெரிய திண்ணை, சிட்டவுட் என்பார்கள், இருக்கிறது. அதில் ஏறக்கூடாது என்று யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. தொழுவத்தையும், அதை ஒட்டிய படுதாக்குளத்தையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏலச்செடிக்குத் தண்ணீர் தேக்க, குழி வெட்டி பிளாஸ்டிக் படுதா விரித்த குளம் அது. பாசி படிந்து கிடந்தது. கொசு அப்பிக்கொண்டு பறந்தது. அதைக் கையால் விசிறிக்கொண்டே ஜோதி கொல்லைக் கதவைத் தட்டினாள்.

முதலாளியின் மனைவி கத்தரீனாள் காப்பி கொடுத்தாள், பேப்பர் கப்பில். முன்பெல்லாம் லயத்துக்காரர்களுக்கென்று ஜன்னல் கம்பியில் தனி டம்ளர் செருகியிருக்கும். இப்போது அந்த டம்ளர் இல்லை. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாம் பேப்பர் கப்தான் என்று கத்தரீனாள் பெருமையாகவே சொல்வாள். அவள் குடும்பத்தார் மட்டும் எவர்சில்வரில் குடிப்பார்கள்.

வேதமுத்து வந்தார். நோட்டீஸைப் பார்த்திருந்தார்.

"பேரை இப்படிப் பச்சையா ஒட்டுவாங்கன்னு யாரு கண்டா? சரி, நீ ஒண்ணும் பயப்படாத ஜோதி. வெள்ளிக்கிழம மீட்டிங் இருக்கு. நான் பேசுதேன்."

"பன்னி எங்களுது இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் முதலாளி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் பேசுதேன்னு சொன்னேன்ல."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கப்பை நசுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வியாழக்கிழமை சுகாதாரத்துறை ஆட்கள் கீழ லயத்துக்குப் புகை அடிக்க வந்தார்கள். பன்றித்தொழுவம் எங்கே என்று கேட்டார்கள். இங்கே தொழுவமே இல்லை என்று நான்கு வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். நம்பவில்லை, பேப்பரில் இருக்கிறதே என்றார்கள். பேப்பரில் இருக்கிறதால் பதினெட்டு வீட்டுக்கும் புகை அடித்துவிட்டுப் போனார்கள். சோற்றுப் பானைவரைக்கும் புகை நாறியது. மேலே படுதாக்குளத்துக் கொசு ஒன்றுகூடச் சாகவில்லை. அது எந்தப் பேப்பரிலும் இல்லையே.

சாயங்காலம் மௌனிகா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஏழாம் வகுப்பு. பையைக் கழற்றியதும் நேரே பானையைத் திறந்தாள்.

"மத்தியானம் சாப்பிடலையா?"

"புதுசா வந்தவங்க சாம்பார் நல்லாவே இல்லம்மா." பிறகு அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "என் பக்கத்துல ரெண்டு பேரு உக்காரல."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஜோதி கடைசியில் நின்றாள். சிலுவைராஜ் கதவுக்கு வெளியே நின்றான்.

முதலில் எழுந்தது ஜீப் ஓட்டுகிற டிஜோ. அவனுக்கு இரண்டு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். "நான் ஜாதி பேசல. எனக்கு அந்த மாதிரி பழக்கம் இல்ல. இது ஹெல்த் விஷயம். பன்னிக்கு நோய் இருக்குன்னு கவர்மென்டே எழுதி ஒட்டிருக்கு. அந்த வீட்டுக் கையால பிள்ளைங்களுக்குச் சோறா?" என்றான். சுற்றிலும் தலைகள் ஆடின. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முனகிய அதே தலைகள்தான். அப்போது அவர்களுக்குச் சொல்வதற்கு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து, தொட்டால் பரவாது என்று டாக்டர்கள் சொல்வதாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வேதமுத்துவைப் பார்த்தார்கள். ஜோதியும் பார்த்தாள். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவளுக்கு உடம்பு லேசானது. பேசப்போகிறார், இதோ முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

"ஜோதி நல்ல புள்ள" என்று ஆரம்பித்தார் வேதமுத்து. "என் ஞானமகளோட தாய். இந்த வேலைக்கு நான்தான் சேத்துவிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அவுக பன்னி வச்சிருக்காகன்னு இந்த நோட்டீஸைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். முன்னாலயே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம். இப்ப பிள்ளைங்க நல்லதுதான் நமக்குப் பெருசு. கொஞ்ச நாள் அவ ஒதுங்கியே இருக்கட்டும்."

அவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை, தடுமாறவில்லை, இருமவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே நிதானமான குரலில் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேருக்காவது உண்மை தெரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை தங்கள் தொழுவத்தில் நின்று ட்யூபைப் பார்த்தவர்கள் அங்கேயே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாயைத் திறக்குமுன் தீர்மானம் எழுதியாகிவிட்டது. கைதட்டல் இல்லை, அவ்வளவு நாகரிகம் இருந்தது.

வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று அவள் டாக்டர் ரிஞ்சுவுக்கு போன் போட்டாள். நடந்ததைக் கேட்டு ரிஞ்சு வருத்தப்பட்டாள். பேர் வெளியே போகாது, நம்பர் மட்டும்தான் என்று ஜூனில் அவள் சொன்னது ஜோதிக்கு நினைவிருந்தது. ஹெல்த்துக்காரர்கள் இடம் கேட்டார்கள், முழு லிஸ்டையும் அனுப்பிவிட்டார்கள், ஒட்டுவார்கள் என்று நினைக்கவில்லை என்றாள் ரிஞ்சு.

"டாக்டர், ஒண்ணு கேக்கேன். நீங்க எந்தத் தொழுவத்துல நின்னு ரத்தம் எடுத்தீகன்னு உங்களுக்குத் தெரியும்தான?"

"அறியும் சேச்சி. ஓனர்னு இருக்கிற எடத்துல சேட்டன் சொன்ன பேரை எழுதினேன். வேறே கேட்டா அவங்க தொழுவத்துக்குள்ளே விடமாட்டாங்கன்னு பயந்தேன். எனக்கு சாம்பிள் வேணுமாயிருந்தது."

"ம்."

"பழசைத் திருத்த முடியல சேச்சி. ஆனா நாளைக்கு வர்றேன். இப்ப புது ஃபாரம். ஓனர் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

ஜோதி போனை அணைத்தாள். இவளும் நல்லவள்தான் என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் நல்லவர்களாக இருந்து தன் வேலை போயிற்றே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிலுவைராஜின் போன் அடித்தது. கத்தரீனாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாள். வருஷாவருஷம் திருநாள் கறி முதலாளி தொழுவத்திலிருந்துதான். "சிலுவை, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துரு. ரெண்டு வெட்டணும். கூட்டத்துல சொன்னத மனசுல வச்சுக்கிடாத, என்ன? அவுக என்ன செய்வாக, அவ்வளவு பேரு இருக்கும்போது" என்றாள்.

போனை வைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"நான் போகல. கத்திய வித்துட்டுத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறேன்."

"போங்க" என்றாள் ஜோதி. "நல்லாத் தீட்டி எடுத்துட்டுப் போங்க. நானும் வாரேன்."

"நீயா? எதுக்கு?"

"குண்டான் யாரு பிடிக்கது?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் மூலையிலிருந்து குண்டானை எடுத்துச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வேதமுத்து வீட்டு முற்றத்தில் திருநாள் களை. சிட்டவுட்டில் கோயில் கமிட்டிக்காரர்கள் நோட்டும் பேனாவுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்தரீனாளும் இரண்டு பெண்களும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். டிஜோ பையோடு வந்திருந்தான். முதல் கறி, நல்ல தொடைக்கறியாக அவனுக்கு வேண்டும். பன்றிக்கு நோய் என்று நேற்று கவலைப்பட்டவன் இன்று அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தொழுவத்துப் பக்கம் சிலுவைராஜ் தன் வேலையைச் சுத்தமாக முடித்தான். ஜோதி குண்டானை அடியில் பிடித்தாள். சூடான ரத்தம் நுரைத்து விளிம்புவரை ஏறியது. உப்புப் பொட்டலம் இடுப்பில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, கையை விட்டுத் துழாவவும் இல்லை.

"உப்புப் போடு புள்ள, உறைஞ்சிரும்" என்றான் அவன்.

"உறையட்டும்."

இரண்டு கையாலும் குண்டானைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் நடந்தாள். லயத்துக்குப் போகிற ஒற்றையடிப்பாதை இடதுபுறம். அவள் வலதுபுறம் திரும்பினாள். படுதாக்குளத்தைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, வீட்டைச் சுற்றி முன்முற்றத்துக்கு வந்தாள். வெங்காயம் உரித்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவள் சிட்டவுட்டின் மூன்று படியும் ஏறி, நடுவில் டைல்ஸ்மேல் குண்டானை வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"என்னது இது, ஜோதி?" என்று வேதமுத்து எழுந்தார்.

"உங்க ரத்தம் முதலாளி."

கமிட்டிக்காரர்கள் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்கள்.

"உங்க பன்னி, உங்க தொழுவம், உங்க ரத்தம். எங்க மாமனாரோட அப்பா காலத்துலருந்து எங்க பங்குன்னு எடுத்துட்டுப் போனோம். இனிமே வேண்டாம். எங்களுக்குக் கூலி போதும், பங்கு வேண்டாம். பங்குன்னு வாங்குனதாலதான இவ்வளவும் வந்துச்சு?"

"நாலு பேரு இருக்கையில என்ன பேச்சு இது? பின்னால வா, பேசிக்கிடலாம்."

"நாலு பேரு இருக்கையிலதான் நேத்து நீங்களும் பேசுனீக. அதான் நானும் முன்னால வந்தேன்."

கேட் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரிஞ்சு வந்துகொண்டிருந்தாள், கையில் ட்யூப் பெட்டி, கக்கத்தில் ஃபாரம் செருகிய அட்டை. சிட்டவுட்டில் குண்டானையும், அதைச் சுற்றி நின்ற முகங்களையும் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது. ஜோதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஞ்சு படியேறி வந்து குண்டானருகே உட்கார்ந்தாள். ஓரத்தில் உறையாமல் இருந்த ரத்தத்தை ட்யூபில் பிடித்து மூடி போட்டாள். அட்டையை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"ஓனர் பேரு?"

இந்தத் தடவை அவள் கேட்டது சிலுவைராஜை அல்ல.

வேதமுத்து கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் நோட்டைப் பார்த்தார்கள். டிஜோ கையிலிருந்த பையை மெல்ல மடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வேதமுத்துவின் பார்வை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. முற்றத்தில், குழாயடியில் குனிந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த சிலுவைராஜின்மேல் நின்றது. ஏப்பா சிலுவை என்று அவர் வாய் கூப்பிடவில்லை, கண் கூப்பிட்டது. இருபது வருஷமாக அந்தக் கண் கூப்பிட்டு அவன் வராமல் இருந்ததில்லை.

சிலுவைராஜ் குழாயை மூடினான். கத்தியைச் சாக்கில் துடைத்துச் சுருட்டினான். நிமிர்ந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"பேரைச் சொல்லுங்க முதலாளி. டாக்டர் காத்துக்கிட்டிருக்காக. இனிஷியலோட சொல்லுங்க."

ஜோதி படியிறங்கினாள். புருஷனும் மனைவியும் கொல்லைப்பக்கம் போகவில்லை. முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கினார்கள். திங்கட்கிழமை அந்தச் சமையல்கட்டு தனக்குத் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். மருந்தடிக்கிற வேலைக்கும் இந்த ஊரில் இனி யாரும் அவர்களைக் கூப்பிடப்போவதில்லை என்பதும் தெரியும். வேறு தோட்டம், வேறு லயம் தேட வேண்டியிருக்கும். ஆனால் கேட்டைச் சாத்தும்போது பின்னால் ரிஞ்சுவின் குரல் இரண்டாம் தடவையாகப் பேர் கேட்பது காதில் விழுந்தது.

சிட்டவுட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் முழுதாக உறைந்து கறுத்தது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. கத்தரீனாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதை எடுக்கச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரை எடுக்கச் சொல்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் திருநாள் விருந்துக்குச் சாமியார் அந்த வீட்டுக்கு வரும்போதும் குண்டான் அங்கேயேதான் இருந்தது.